யாழ்ப்பாணத் தமிழ் பேசினால் சபையில் சிரிக்கிறார்கள், என்ன செய்யலாம்?

அல்சூர் ஏரிக்கரை:

பெங்களூரில் நாங்கள் பதினொரு பேர் சேர்ந்து ஒரு நாடகத்துக்கு ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கிறோம். யாருக்கும் இது தொழில் இல்லை. இரண்டு பேர் மாரத்தஹள்ளி ஐ.டி., ஒருவர் ஆட்டோ ஓட்டுகிறார், அம்மம்மாவாக நடிப்பவர் மல்லேஸ்வரத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. ஞாயிறு தோறும் அல்சூரில் ஒரு பள்ளி வகுப்பறையை வாடகைக்கு எடுத்து, பெஞ்சுகளை ஓரமாகத் தள்ளிவிட்டு நடிக்கிறோம்.

கதை இதுதான். 1995 அக்டோபர் 30. யாழ்ப்பாணம், கொக்குவிலில் ஒரு வீடு. அம்மா, அம்மம்மா, பதினாறு வயதுப் பையன், பதினொரு வயதுப் பெண். அப்பா கொழும்பில் மாட்டிக்கொண்டார். மாலையில் ஒலிபெருக்கி கட்டிய வண்டி வந்து, ராணுவம் நெருங்குகிறது, எல்லாரும் உடனே தென்மராட்சிக்குக் கிளம்புங்கள் என்று சொல்லிவிட்டுப் போகிறது. அம்மம்மா வர மாட்டேன் என்கிறார். எழுபது நிமிடம், ஒரே வீடு, ஒரே இரவு. எழுதியது நான்தான். இலங்கைக்கு நான் போனதே இல்லை. சில புத்தகங்கள், இணையத்தில் படித்த நினைவுக் குறிப்புகள், சின்ன வயதில் எங்கள் மாடியில் குடியிருந்த ஒரு ஈழத்துக் குடும்பம் சொன்ன கதைகள், இவ்வளவுதான் என் கையிருப்பு.

போன வாரம் தெரிந்தவர்கள் நாற்பது பேரைக் கூப்பிட்டு முழுசாக ஓட்டிப் பார்த்தோம். அம்மா உள்ளே ஓடிவந்து, "அம்மா, கெதியா வெளிக்கிடுங்கோ!" (சீக்கிரம் கிளம்புங்கள்) என்கிறார். பின்பெஞ்சில் ஒரு சிரிப்பு. அடுத்த வரியில் மறுபடி. பத்து நிமிடத்தில் பாதிச் சபை புன்னகையோடு உட்கார்ந்திருக்கிறது, ஏதோ காமெடி டிராக் வரப்போவதுபோல. பையனாக நடிப்பவர் "ரோச் லைற் எங்கை?" என்ற வரியை அப்படியே 'ரோச்' என்று படித்தார். என் மைத்துனி இடைவேளையில் வந்து, அந்தப் பையன் ஏன் கரப்பான்பூச்சியைத் தேடுகிறான் என்று கேட்டாள், ஆங்கிலத்தில் 'ரோச்' என்றால் அதுதானே.

இன்னொன்று. குண்டுச் சத்தத்தை ஸ்பீக்கரில் போட்டோம். ஒரு குழந்தை அழுதது. ஒரு பெரியவர் கைகுலுக்கி, "தீபாவளி எஃபெக்ட் பிரமாதம்" என்றார். அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை.

எனக்கே பிடித்த காட்சி என்று பார்த்தால் இரண்டு. அம்மா பீரோவைக் கலைத்துப் பத்திரங்களைத் தேடுவது ஒன்று. அம்மம்மா மண்ணைப் பற்றிப் பேசும் நான்கு பக்கம் இன்னொன்று. அவை இரண்டும் நன்றாகவே வந்தன.

கேட்க வந்தது: பேச்சை நம்முடைய தமிழுக்கு மாற்றிவிடலாமா? குண்டுச் சத்தத்தையும் பங்கரையும் (பதுங்குகுழி) சின்ன மேடையில் எப்படிக் காட்டுவது? கூடம் நூற்றிருபது பேர் உட்காரக்கூடியது. ரங்க சங்கரா மாதிரி இடமெல்லாம் எங்களுக்குக் கனவு. கிடைத்தாலும் பயம்தான். அங்கே ஏழரைக்குக் கதவைச் சாத்தினால் சாத்தியதுதான், நம் ஜனங்கள் எட்டு மணிக்கு வந்து வெளியே நிற்பார்கள்.

மாட்டுங்கா மேடை:

நம்ம தமிழுக்கே மாற்றிவிடுங்கள், பிரச்சினை முடிந்தது. ஹாம்லெட்டைக் கன்னடத்தில் போட்டால் யாராவது டென்மார்க் பாஷை எங்கே என்று கேட்கிறார்களா? மும்பையில் முப்பது வருடமாக சபா நாடகம் போடுகிறேன். வசனம் புரியவில்லை என்றால் மூன்றாவது வரிசைக்குப் பின்னால் இருப்பவர்கள் மொபைலை எடுத்துவிடுவார்கள்.

பின்வரிசை மாணவன்:

மேலே சொன்னதை ஏற்க முடியவில்லை. யாழ்ப்பாணத்துக்கென்று நாடக மரபே இருக்கிறது. நாடக ஆசிரியர் 'குழந்தை' ம. சண்முகலிங்கம் 1978இல் அங்கே நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கினார். அவர் எழுதிய 'மண் சுமந்த மேனியர்' 1985இல் மேடையேறியது. போருக்கு நடுவிலேயே போரைப் பற்றி நாடகம் போட்ட ஊர் அது. அந்த ஊர்க் குடும்பத்தை மேடையில் வைத்துவிட்டு அவர்கள் வாயை மட்டும் மயிலாப்பூருக்கு மாற்றுவது எனக்கு உறுத்துகிறது.

சத்தத்துக்கு ஒரு வழி. ஸ்பெயின் உள்நாட்டுப் போரைப் பற்றி ஜெர்மன் நாடக ஆசிரியர் பிரெக்ட் 1937இல் எழுதிய ஓரங்க நாடகம் ஒன்று, 'திருமதி கரார் அவர்களின் துப்பாக்கிகள்'. மீனவக் குடும்பம். கணவனைச் சண்டையில் இழந்தவள், மகன்களையாவது காப்பாற்றப் பார்க்கிறாள். தொடக்கத்திலேயே அவள் ரொட்டியை அடுப்பில் வைத்துவிடுவாள். நாடகம் முழுக்க அது வெந்துகொண்டிருக்கும். போர்முனை வெளியேதான் இருக்கிறது, மேடையில் இருப்பது சமையலறை. உங்கள் வீட்டில் அடுப்பு இருக்கிறதா?

இணுவில் பிள்ளை:

இந்தத் திரியை என் கணவர் அனுப்பினார். நான் இணுவில், கொக்குவிலுக்குப் பக்கத்து ஊர். அந்த இரவில் எனக்குப் பன்னிரண்டு வயது. கல்யாணமாகி இப்போது ஹொரமாவுவில் இருக்கிறேன், அவருக்குச் சேலம் பக்கம். என் தமிழ் இங்கே வந்து கலந்துபோய்விட்டது. அம்மாவோடு போனில் கதைக்கும்போது மட்டும் பழைய வாய் திரும்பும். பக்கத்தில் இருக்கும் என் மகனும் சிரிப்பான். அதனால் உங்கள் பின்பெஞ்சுக்காரர்கள் மேல் எனக்குக் கோபமில்லை.

ஆனால் அவர்கள் சிரித்தது எங்கள் தமிழைக் கேட்டு என்று நான் நினைக்கவில்லை. உங்கள் நடிகர்கள் அதைப் பாடுகிறார்கள் என்று நினைக்கிறேன். சினிமாவில் இலங்கைக்காரர் வந்தால் ஒவ்வொரு வரியையும் இழுத்து இழுத்து, கடைசியில் ஒரு 'ஓ' போட்டு முடிப்பார். எங்கள் வீட்டில் யாரும் அப்படி இழுத்ததில்லை. அவசரத்தில் என் அம்மா பேசினால் பாதிச் சொல் உள்ளேயே போய்விடும். ராகத்தை எடுத்துவிட்டு, சொற்களை மட்டும் வையுங்கள். கதிரை (நாற்காலி), குசினி (சமையலறை), பேணி (தம்ளர்), சவர்க்காரம் (சோப்பு), படலை (வெளிவாசல் கதவு), ஓம் (ஆமாம்). பதினைந்து இருபது சொல் போதும். மற்றபடி அவரவர் வாயில் வருகிற வேகத்தில் பேசட்டும். வங்கி அம்மா அதைத் தாலாட்டு மாதிரிச் சொல்லாமல், கவுன்ட்டரில் நின்றுகொண்டு "நாளைக்கு வாங்கோ" என்று சொல்வதுபோல் சொன்னால் சரியாக இருக்கும்.

ரோச் விஷயம்: எழுதியதை அப்படியே படித்தால் இப்படித்தான் ஆகும். ஆங்கிலத்தில் டார்ச், டியூஷன் என்று தொடங்கும் சொல்லை நாங்கள் 'ர' போட்டு எழுதுவோம், ரோச், ரியூசன் என்று. சொல்லும்போது 'ர' வராது. நுனிநாக்கு மேல்பல்லுக்குச் சற்றுப் பின்னால் பட்டு வரும் ஒலி அது. நடிகர் கையில் இருக்கும் பிரதியில் 'டார்ச்' என்றே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

பீரோக் காட்சியை எடுத்துவிடுங்கள், மன்னிக்க வேண்டும். யாரும் அன்று பத்திரம் தேடவில்லை. காணி உறுதி (நிலப் பத்திரம்), பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், அடையாள அட்டை, இரண்டு நகை, எல்லாம் ஒரு பையில் போட்டுக் கதவுக்குப் பின்னால் எப்போதும் தொங்கும். 1987இலிருந்து ஓடி ஓடிப் பழகிய சனம் நாங்கள். குழப்பம் எல்லாம் மற்றச் சாமான்களில்தான். என் அம்மா எங்கள் சப்பாத்துகளை (ஷூக்களை) மறந்துவிட்டுத் தேங்காய் திருவலையைச் சைக்கிளில் கட்டினார். ஏன் என்று இன்று கேட்டாலும் அவருக்குத் தெரியாது.

பங்கரை மேடையில் கட்டவே வேண்டாம். அது ஐப்பசி. எங்கள் பங்கருக்குள் முழங்கால் தண்ணீர், அதில் தவளை. பனங்குற்றி அடுக்கி மண்மூட்டை போட்டு அப்பா கட்டியது, மழைக்காலத்தில் ஒன்றுக்கும் உதவாது. உங்கள் பெண் மேடை ஓரத்துக்குப் போய்க் குனிந்து பார்த்துவிட்டு, "தண்ணி நிக்குது" என்று சொல்லித் திரும்பி வந்தால் போதும்.

குண்டுச் சத்தமும் வேண்டாம். 1990இலிருந்து எங்களுக்குக் கரண்ட் இல்லை. ஃபேன் இல்லை, டி.வி. இல்லை. சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் ரேடியோ கேட்பது. அதனால் ஊர் அவ்வளவு அமைதி. பலாலி ராணுவ முகாமில் ஷெல் புறப்படும்போது தூரத்தில் ஒரு குத்துச் சத்தம் கேட்கும். பிறகு அது வந்து விழும் வரைக்கும் நேரம் இருக்கும். அண்ணா மெதுவாக எண்ணுவான். அம்மம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தால் சுளகு (முறம்) நின்றுவிடும். விழுந்த பிறகு, எங்கள் பக்கம் இல்லை என்றால், சுளகு மறுபடி தொடங்கும். உங்கள் ஸ்பீக்கரில் அந்த முதல் குத்து மட்டும் வரட்டும், தலையணைக்குள் யாரோ குத்துவதுபோல. மிச்சத்தைப் பையன் எண்ணட்டும்.

அம்மாவை நீ என்று கூப்பிடும் வரி எங்காவது இருந்தால் மாற்றிவிடுங்கள். எங்கள் வீட்டில் பாட்டியை அம்மா 'நீங்கள்' என்றுதான் சொல்வார், சண்டையிலும்.

வழியைப் பற்றிக் கடைசியில் ஒரு காட்சி வைத்திருந்தால் அதற்கு மட்டும் சொல்கிறேன். செம்மணி தாண்டி நாவற்குழிப் பாலம் வரைக்கும் ஒரே தெரு, இரண்டு பக்கமும் வெளி. ஐந்து லட்சம் பேர் வரை அந்த இரவில் கிளம்பினார்கள் என்று பிறகு எழுதினார்கள். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் முன்னால் போனவரின் முதுகு. சைக்கிளில் ஒரு மணி நேரம் ஆகாத தூரம், அடுத்த நாள் மத்தியானம்தான் பாலத்தைக் கடந்தோம். மழை கொட்டியது, குடிக்கத் தண்ணீர் இல்லை. குடையைக் கவிழ்த்துப் பிடித்து அதில் விழுந்ததைக் குடித்தோம். யாரும் ஓடவில்லை, ஓட இடமில்லை. உங்கள் நடிகர்கள் ஓடினால் நிறுத்துங்கள்.

அல்சூர் ஏரிக்கரை:

அக்கா, (அக்கா என்று சொல்லலாம்தானே, எனக்கு ஒரு வயது குறைவு) இதை மூன்று தடவை படித்தேன். பீரோக் காட்சியை நேற்று இரவே அடித்துவிட்டேன். வலித்தது.

ஒன்று சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தேன். 1991 டிசம்பரில் காவிரிக் கலவரத்தின்போது நாங்கள் ஸ்ரீராமபுரத்தில் இருந்தோம். எதிர்வீட்டுக் கன்னடக்காரம்மா எங்கள் நான்கு பேரையும் தன் சமையலறையில் இரண்டு இரவு வைத்திருந்தார். மூன்றாவது நாள் ஜோலார்பேட்டைக்கு ரயில். எங்கள் அம்மா எடுத்துக்கொண்டது இட்லிக் குண்டான். பொங்கல் முடிந்து திரும்பி வந்தோம், வீடு அப்படியே இருந்தது. அதையும் இதையும் ஒன்றாக வைக்க எனக்கு வாய் வராது. ஆனால் இந்த நாடகத்தை ஏன் எழுத உட்கார்ந்தேன் என்று திருவலையைப் படித்த பிறகுதான் தெரிந்தது. நடிகர்களுக்கு இதைச் சொல்லலாமா?

அப்புறம் அம்மம்மா. அவருடைய மண் வசனமும் போக வேண்டுமா? அது நான்கு பக்கம்.

லைட் போர்டு:

நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும், நான் வெளிச்சம் போடுகிறவன். கரண்ட் இல்லாத வீடு என்றால் விளக்கு என்ன? அதைச் சொன்னால்தான் நான் ஏதாவது சொல்ல முடியும். எந்தக் கூடத்திலும் நிஜத் தீக்கு அனுமதி தர மாட்டார்கள், அதை மட்டும் முதலிலேயே மனதில் வையுங்கள்.

இணுவில் பிள்ளை:

ஜாம் போத்தல் விளக்கு. பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெய் யானை விலை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, அது நனையும் அளவு மட்டும் எண்ணெய் விட்டு, சைக்கிள் வால்வுக்குள் திரியைச் செருகி எரிப்பது. தம்ளர் அளவு வெளிச்சம்தான். அதைச் சுற்றித்தான் நாங்கள் எல்லாரும் படித்தோம். சவர்க்காரமும் தடைதான். பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்த்திருக்கிறோம், வாசம் போகாது.

தம்பி, அந்த ஸ்ரீராமபுரத்துக் கதையை நடிகர்களுக்குச் சொல்லுங்கள். நாடகத்தில் எழுத வேண்டாம். இட்லிக் குண்டானைத் தூக்கியபோது உங்கள் அம்மாவின் கை எப்படி இருந்தது என்று அந்த ஐ.டி. பிள்ளைகளுக்குக் காட்டினால் போதும்.

நான்கு பக்கமும் போகட்டும். எங்கள் அம்மம்மா அன்று மண்ணைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஒலிபெருக்கி வந்தபோது அவர் குசினியில் புட்டு அவித்துக்கொண்டிருந்தார். அம்மா கத்துகிறார், அண்ணா சைக்கிளில் மூட்டை கட்டுகிறான். அவர், "புட்டு அவியுது, அவிஞ்சாப் பிறகு பாப்பம்" என்றார். அவிந்தது. அடுத்த ஈடு வைத்தார். "சின்னனுகள் வழியிலை பசிக்கும்" என்றார். மூன்றாவது ஈட்டுக்கும் மாவை அள்ளினார். அம்மா சுளகைப் பிடுங்கி முற்றத்தில் எறிந்தார். அதற்குப் பிறகுதான் அவர் எழுந்து போய்ப் பசுவை அவிழ்த்துவிட்டார். அது படலையைத் தாண்டிப் போகாமல் அங்கேயே நின்றது. அதோடு இன்னும் அரைமணி நேரம். எங்கள் தெருவில் இரண்டு கிழவர்கள் கடைசி வரை வெளிக்கிடவே இல்லை.

பின்வரிசைத் தம்பி அடுப்பு இருக்கிறதா என்று கேட்டாரே, இருந்தது. பொச்சுமட்டையும் (தேங்காய் மட்டை) பன்னாடையும் வைத்து எரிக்கிற அடுப்பு, புகை கண்ணைக் கரிக்கும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அந்தப் பதினாறு வயதுப் பையனை என்ன செய்யப் போகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. எங்கள் பெரியம்மாவின் மகன் புலிகள் இயக்கத்தில். அவருடைய தம்பி அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். சம்பளமும் பரீட்சைத் தாளும் கொழும்பிலிருந்துதான் வரும், ஷெல்லும் அந்த அரசாங்கத்துடையதுதான். ஒரே பந்தியில் இருந்து சாப்பிட்டார்கள். பதினாறு வயதில் ஒரு பையன் வீட்டில் இருந்தால் அம்மாவுக்கு ராணுவம் வரும் என்ற பயம் ஒன்று, அவன் தானாகவே ஒரு நாள் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுவான் என்ற பயம் இன்னொன்று. அவன் வெளியே போகும்போதெல்லாம் எங்கே என்று கேட்டால் போதும். ஐந்தாவது தடவை கேட்கும்போது சபைக்கு விளங்கிவிடும்.

லைட் போர்டு:

ஜாம் பாட்டில் விளக்கு ரொம்ப வசதி. பாட்டிலுக்குள் பேட்டரியில் எரியும் சின்ன எல்.இ.டி., அதைச் சுற்றி ஆம்பர் (தேன் நிற) ஜெல் தாள், உள்பக்கம் கொஞ்சம் கரி பூசிவிடுங்கள். அது முகத்துக்குப் போதாது. விளக்கை யார் தூக்கிப் போகிறாரோ அந்த இடத்துக்கு மேலிருந்து ஒரு லைட்டை டிம்மரில் மிகவும் தாழ்த்தி வையுங்கள், சபைக்கு விளக்குதான் எரிகிறது என்று தோன்றும். முக்கியமானது: நாடகம் தொடங்க ஐந்து நிமிடத்துக்கு முன்பே கூடத்து விளக்கைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள். மொபைல் பார்த்த கண்ணுக்கு இருட்டு பழக நேரம் வேண்டும்.

அடுப்புக்குள் இண்டக்‌ஷன் ஸ்டவ்வை மறைத்து வைத்தால் நிஜமாகவே புட்டு அவிக்கலாம். நூற்றிருபது பேர் கூடத்தில் வாசனை கடைசி வரிசை வரை போகும். வயரை மட்டும் டேப் போட்டு ஒட்டுங்கள், இருட்டில் தடுக்கி விழுவார்கள்.

மாட்டுங்கா மேடை:

நான் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் வசனம் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும், அதில் மாற்றமில்லை.

அல்சூர் ஏரிக்கரை:

நான்கு பக்கம் போய்விட்டது. வங்கி அம்மா முதலில் கோபித்துக்கொண்டார், அவருக்கு இருந்த பெரிய வசனமே அதுதான். மூன்று ஈடு புட்டு என்றதும், "அவள் நேரத்தை இழுக்கிறாள், அப்படித்தானே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அன்றைக்கு வசனமே இல்லாமல் மாவு குழைத்தார். பின்பெஞ்சில் இருந்த ஆட்டோக்காரர் சிரிக்கவில்லை.

ஒரே சிக்கல். குழாய்ப் புட்டு இங்கே எல்லாக் கேரளக் கடையிலும் கிடைக்கிறது, உங்கள் ஊர்ப் பாத்திரம் வேறு என்று எங்கோ படித்தேன். பெங்களூரில் எங்கே வாங்குவது?

இணுவில் பிள்ளை:

பாத்திரம் இல்லை, நீத்துப்பெட்டி. பனையோலையில் கூம்பு மாதிரிப் பின்னியது, பானை வாயில் செருகி வைப்பது. இங்கே கடையில் கிடைக்காது. என்னிடம் ஒன்று இருக்கிறது, போன முறை அம்மா வந்தபோது சேலைக்குள் சுற்றிக் கொண்டுவந்தது. ஞாயிறு எத்தனை மணிக்கு ஒத்திகை? அதோடு வருகிறேன். மாவை நான் வறுத்து எடுத்து வருகிறேன், தேங்காய் நீங்கள் வாங்குங்கள். திருவலையும் நானே கொண்டு வருவேன், பழக்கம் விடாது.

அந்தப் பையனிடம் மட்டும் சொல்லி வையுங்கள், நான் வரும்போது கரப்பான்பூச்சியைத் தேடக்கூடாது.